அலுமினிய ப்ளாக் எடுக்கிறதுக்கு முன்னாடி: டிராக் ரேஸ் (கால் மைல் நேர்த்தட ஓட்டம்) எஞ்சின் கட்டுற சேலம் பக்கத்து ஆளுங்க அனுபவப் பகிர்வு

செவ்வாய்ப்பேட்டை, போரிங் வேலை

கேட்லாக்ல போட்டிருக்கிற குதிரைத்திறனைப் பார்த்து ப்ளாக் (சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் உடம்பு) எடுக்காதீங்க. அந்தத் திறன் எந்த வழியில வருதுன்னு முதல்ல பாருங்க. டர்போ அழுத்தத்துல எடுக்கிற 1000 வேற, டர்போ இல்லாம ஆர்பிஎம்-ல (எஞ்சின் சுத்துற வேகத்துல) எடுக்கிற 1000 வேற. அழுத்தம் ஹெட்டை (சிலிண்டர் மேல மூடியை) தூக்கப் பார்க்கும், ஆர்பிஎம் மெயின் கேப்பை (கிராங்க்ஷாஃப்ட்டைப் பிடிக்கிற மூடியை) ஆட்டும்.

செவர்லே எல்எஸ்3 ப்ளாக்கை எடுத்துக்குங்க. போர் (சிலிண்டர் துளை விட்டம்) 103.25 மி.மீ., ஒரு சிலிண்டர் மையத்துல இருந்து அடுத்த மையத்துக்கு 111.76 மி.மீ. நடுவுல மிஞ்சுறது எட்டரை மி.மீ. தான். அந்த எட்டரைக்குள்ள ரெண்டு பக்கத்து இரும்பு லைனரும் (சிலிண்டர் உள்சுவர் குழாய், ஸ்லீவ்னும் சொல்வோம்) அலுமினியமும் அடங்கணும். ஒவ்வொரு சிலிண்டரைச் சுத்தியும் நாலு பெரிய ஹெட் போல்ட். பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏத்த ஏத்த ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல கேஸ்கெட் வாயைப் பிளக்கிறது இதனாலதான். லைனர் மெல்லிசுங்கிறதால துளையைப் பெருசாக்கி ஓவர்சைஸும் அதிகம் போக முடியாது.

ரேஸுக்குன்னே வார்க்கிற ப்ளாக்குல சிலிண்டருக்கு ஆறு ஸ்டட், தடிமனான டெக் (ஹெட் உக்கார்ற மேல்தளம்), டக்டைல் அயர்ன் ஸ்லீவ், பக்கவாட்டு போல்ட்டோட ஸ்டீல் மெயின் கேப் இருக்கும். வார்ப்புன்னா 356 அல்லது 357 அலுமினியக் கலவை, டி6 பதம் (சூடேத்திக் கெட்டிப்படுத்தினது). முழுக்கட்டியில இருந்து கடைஞ்சதுன்னா 6061-டி6. கட்டியில ஊசித்துளை இருக்காது, கனெக்டிங் ராடு உடைஞ்சு ஓட்டை போட்டாலும் டிக் வெல்டிங்ல மீட்க வாய்ப்பு உண்டு. ஆனா தண்ணி வழி இல்லாத கட்டி ப்ளாக்கும் விக்குது. சில நொடி ஓட்டத்துக்கு, அதுவும் மெத்தனாலுக்கு, அது போதும். ரோட்டுலயும் ஓட்டணும்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

சங்ககிரி, லாரி எஞ்சின் பட்டறை

இங்க டீசல் ப்ளாக்குக்கு ஸ்லீவ் அடிக்கிறது அன்றாட வேலைங்க. ட்ரை ஸ்லீவ்னா (தண்ணி படாத ஸ்லீவ்) ரெண்டு தவ் (தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு) இறுக்கம் வெச்சு பிரஸ்ல இறக்கிடுவோம். அலுமினியத்துக்கும் அதே பிரஸ், அதே அளவு போதாதாங்ணா?

செவ்வாய்ப்பேட்டை, போரிங் வேலை

போதாதுங்க. லாரி ப்ளாக் இரும்பு, ஸ்லீவும் இரும்பு. சூடானா ரெண்டும் ஒண்ணா விரியும், ரெண்டு தவ் ரெண்டு தவ்வாவே இருக்கும். அலுமினியம் இரும்பை விட சுமார் ரெண்டு மடங்கு விரியும். 110 மி.மீ. துளையில 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்குப் போனா வித்தியாசம் 0.09 மி.மீ. வருது, அதாவது மூணரை தவ். மூணு தவ் இறுக்கம் வெச்சிருந்தாலும் காகிதக் கணக்குல அது காலி. ஓட்டத்துல ஸ்லீவ் அலுமினியத்தை விட சூடா இருக்கிறதால கொஞ்சம் பிடிப்பு மிஞ்சும், அதை நம்பக் கூடாது. அதனாலதான் மேல விளிம்பு வெச்ச ஸ்லீவ். விளிம்பு ப்ளாக்குல கடைஞ்ச படியில உக்காரணும், ஹெட் அதை அழுத்திப் பிடிக்கணும். விளிம்பில்லாத ஸ்லீவ் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அப்புறம் எத்தனை கேஸ்கெட் மாத்தினாலும் ஊதிக்கிட்டேதான் இருக்கும்.

இறக்குற முறை: ப்ளாக் முழுசையும் அவன்ல 120 முதல் 150 டிகிரி வரைக்கும் சீரா சூடு பண்ணணும். அதுக்கு மேல போனா டி6 பதம் இறங்கும். கேஸ் டார்ச் காட்டினா ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சு கோணிக்கும். 140 டிகிரியில துளை 0.28 மி.மீ. பெருசாகிறதால ஸ்லீவ் கையாலயே இறங்கிடும், சுத்தியலுக்கு வேலை இல்லை. இறங்கின கையோட மேல தடி பிளேட்டைப் போட்டு இறுக்கி, ஆறுற வரைக்கும் விடணும். இல்லைன்னா ஆறும்போது ஸ்லீவ் மேல எழும்பும். அப்புறம் டெக் சீவல். ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்ச்சு அளவு பார்க்கிறது) டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலா இறுக்குற தடி பிளேட்) பூட்டித்தான், எஞ்சின்ல போடப்போற அதே ஸ்டட், அதே வகை கேஸ்கெட்டோட.

அளவெடுக்கிறதுல நம்ம ஊருக்குன்னு ஒரு தொல்லை இருக்கு. சித்திரை வெயில்ல வாசல்ல கிடந்த ப்ளாக் 45 டிகிரி, ஏசி அறை ஸ்லீவ் 25 டிகிரி. அப்படியே அளந்தா சுமார் ரெண்டு தவ் பொய் சொல்லும். ப்ளாக், ஸ்லீவ், மைக்ரோமீட்டர் மூணையும் ராத்திரி ஒரே அறையில வெச்சு விடியக்காலையில அளங்க.

கோரிமேடு, ட்யூனிங்

கட்டி முடிச்ச பிறகும் இந்த விரிவு விடாது. ப்ளாக் உயரமும் கூடுறதால புஷ்ராடு எஞ்சின்ல (நீளக் கம்பி வால்வைத் தள்ளுற வகை) வால்வ் இடைவெளி சூட்டுல அதிகமாகும். ப்ளாக், ஹெட் ரெண்டும் அலுமினியம்னா, சூட்டு அளவுல இருந்து 12 தவ் குறைச்சு குளிர்ல வைங்க. ஹெட் மட்டும் அலுமினியம்னா 6 தவ். அப்புறம் சூடாக்கி ஒருதடவை சரிபாருங்க. மெயின் பேரிங் இடைவெளியும் அரை தவ்ல இருந்து ஒரு தவ் வரைக்கும் திறக்கும், அதைக் கழிச்சுத்தான் குளிர் அளவு. எண்ணெய் 60 டிகிரி தாண்டாம ஆக்சிலேட்டர் முறுக்கினா பேரிங் போயிடும்.

தண்ணி வழியில பாதிக்கு ஃபில்லர் (இறுகிப்போற நிரப்பு கலவை) ஊத்தி சிலிண்டரைக் கெட்டிப்படுத்துறது டிராக் தடத்துக்குச் சரி. அதே காரை ஏற்காட்டுக்கு ஓட்டினா, இருபது கொண்டை ஊசி வளைவு முடியுறதுக்குள்ள எண்ணெய் சூடு எகிறும். டர்போ இல்லாத எஞ்சினை மேல வெச்சு ட்யூன் பண்றதும் வீண். 1500 மீட்டர் உயரக் காத்துல சுமார் 15 சதவீதம் திறன் கம்மி, அந்த எரிபொருள் அளவு கீழ வந்தா பத்தாது.

அம்மாபேட்டை

சேர்வராயன் பாக்சைட் மேட்டூர்ல அலுமினியமான மாவட்டத்துல இருந்துக்கிட்டு இதைச் சொல்றேன்: எடை முக்கியம் இல்லைன்னா இரும்பே எடுங்க. எல்எஸ் இரும்பு ப்ளாக் 97 கிலோ, அலுமினியம் 50 கிலோ பக்கம். 45 கிலோவுக்கு கால் மைல்ல பத்துல ஒரு நொடின்னு ஒரு குத்துமதிப்பு. அந்த பத்துல ஒண்ணுக்கு, ஸ்லீவ் போட ஆளில்லாத ஊர்ல இவ்வளவு செலவு வேணுமான்னு யோசிங்க. டொயோட்டா 2ஜேஇசட் எஞ்சின் ப்ளாக்கும் இரும்புதான், அது படாத டர்போவா?

செவ்வாய்ப்பேட்டை, போரிங் வேலை

அவர் சொல்றது நியாயம்தான். முன்பக்க எடை குறைஞ்சா பின் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும்ங்கிறதையும் கணக்குல சேர்த்துக்குங்க.

பழைய அலுமினிய ப்ளாக் வாங்குறவங்களுக்கு: கழுவக் கொடுக்கும்போது காஸ்டிக் சோடா தொட்டியில போடாதீங்கன்னு எழுதியே கொடுங்க. இரும்பைச் சுத்தம் பண்ற தொட்டி அலுமினியத்தைக் கரைச்சுடும். மேக்னடிக் முறையில விரிசல் தெரியாது, டை பெனட்ரன்ட்தான் (விரிசலுக்குள்ள சாயம் இறக்கிப் பார்க்கிறது). தண்ணி வழியை அடைச்சு வெந்நீர்ல முக்கி 2 பார் காத்து கொடுங்க, குமிழி வந்தா திருப்பி விட்டுடுங்க. ஸ்டட் மரையைத் தொட்டுப் பார்த்து, தேஞ்சிருந்தா இன்சர்ட் (புது மரைச் செருகி) செலவையும் விலையில கழிங்க. ரேடியேட்டர்ல போர் தண்ணி வேண்டாம், டீமினரலைஸ்டு தண்ணியோட கூலன்ட். மெத்தனால் ஓட்டினா அன்னைக்கே எரிபொருள் வழியைக் கழுவி எண்ணெயை மாத்துங்க, இல்லைன்னா அலுமினியம் வெள்ளையா பூத்துக்கும்.