ரெயூனியனுக்கு வர்ற சொல்தா (சிப்பாய்) தம்பிக்கு சிக்குன்குனியா ஊசி வேணுமா?

செம்பருத்தி (சேன் பியேர்):
என் தம்பி, 26 வயசு, பிரெஞ்சு ராணுவத்துல இருக்கான். இந்தியப் பெருங்கடல்ல பிரான்சுக்குச் சொந்தமான இந்த ரெயூனியன் தீவுல, பியேர்ஃபோன் பாராசூட் ரெஜிமென்ட்டுக்கு மாத்தலாகி வர்றான். சிக்குன்குனியா ஊசி போட்டுக்கறியான்னு அங்க டாக்டர் கேட்டாராம். காரைக்கால்லேர்ந்து அம்மா தினம் போன் போட்டு, "அந்த ஊசியால ஆள் செத்தாங்களாமே, என் புள்ளைக்கு வேணாம்"ங்கறாங்க. என்ன பண்ணலாம்?

பென்ஷன் சொல்தா:
தங்கச்சி, 2006ல நான் இங்க டூட்டியில இருந்தேன். அந்தத் தடவை தீவுல மூணுல ஒருத்தரைப் பிடிச்சுது, கிட்டத்தட்ட 2,66,000 பேர். காய்ச்சல் ஒரு வாரத்துல இறங்கிடும், மூட்டுதான் விடாது. காலையில பூட்ஸ் கயிறு கட்ட விரல் மடங்காது. ஃபமாஸ் துப்பாக்கியை லோடு பண்ண முடியாம முழிச்சவனை எல்லாம் பார்த்திருக்கேன். அவன் எங்க பாராசூட்ல குதிக்கிறது? அப்ப இங்க இருந்த ஜாந்தார்ம்களை (பிரெஞ்சு ராணுவ போலீஸ்) ஆறு வருஷம் கழிச்சு விசாரிச்சப்பவும், நோய் வந்தவங்கள்ல பலருக்கு வலி போகலை. பகல்ல கடிக்கிற கொசும்மா, பயிற்சியே பகல்லதானே!

நர்ஸ் மீனா:
அக்கா, அம்மா சொல்றது சும்மா வதந்தி இல்ல. 2025 ஏப்ரல் 7ல இங்க இக்ஸ்சிக் ஊசி போட ஆரம்பிச்சாங்க. 80 தாண்டின சிலருக்கு மோசமாகி, ஒருத்தர் இறந்தும் போனதால 26ஆம் தேதியே 65க்கு மேல நிறுத்தினாங்க. அது பலவீனமாக்கின உயிருள்ள வைரஸ். எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் ஆகாது. 26 வயசு ஆரோக்கியமான பையன் கணக்கு வேற. விம்குன்யான்னு இன்னொண்ணு இருக்கு, அதுல உயிருள்ள வைரஸே இல்ல, 12 வயசுலேர்ந்து போடலாம். ரெண்டுமே ஒரே ஊசிதான். எதைப் போடறாங்கன்னு கேட்கச் சொல்லுங்க. பிளேன் ஏறுற அன்னைக்குப் போட்டு பிரயோஜனம் இல்ல, உடம்பு தயாராக ரெண்டு வாரமாவது வேணும்.

தம்புசாமி:
அமெரிக்க ராணுவம் எப்பவோ சொந்தமா ஒரு சிக்குன்குனியா ஊசி செஞ்சு பார்த்துச்சு. 2000ல வெளிவந்த சோதனையில 59 பேருக்குப் போட்டு 58 பேருக்கு எதிர்ப்பு சக்தி வந்துச்சு, 5 பேருக்குக் கொஞ்ச நாள் மூட்டு வலி. அப்புறம் கிடப்புல போட்டாங்க. ராணுவத்துக்கு மட்டும்னா எந்தக் கம்பெனிக்கு லாபம்?

செம்பருத்தி:
நன்றி ஐயா, நன்றி மீனா. விம்குன்யா கிடைக்குமான்னு தம்பியைக் கேட்கச் சொல்லிட்டேன். அம்மாவுக்கு நீங்க ரெண்டு பேரும் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். "அந்த பூட்ஸ் விஷயத்தை இன்னொரு தடவை படி"ன்னாங்க.