கடுகண்ணாவயில சுரங்கம் வெட்டினால் என்ன?

வெள்ளவத்தைக்காரன்:
நேற்று கண்டியில இருந்து கொழும்புக்கு வர அஞ்சு மணித்தியாலம். கடுகண்ணாவ வளைவில ஒரு லொறி நிண்டுட்டுது, அவ்வளவுதான். 1820களில வெள்ளைக்காரன் அதே இடத்தில கல்லைத் துளைச்சுப் பாதை போட்டவன், அந்த ஓட்டை இப்பவும் ரோட்டோரம் கிடக்கு. நோர்வேயின்ர லார்டால் சுரங்கம் 24.5 கிலோமீற்றர், 2000இல திறந்தது. அங்கயும் நைஸ் பாறை, எங்கட மலையும் நைஸ் (பேர்தான் நைஸ்). கடினப் பாறை தானா நிக்கும். குடைய வேண்டியதுதானே?

பதுளைப்_பொடியன்:
தானா நிக்கும்னு யாரு அண்ணே சொன்னா? அதே நோர்வேயில ஹானெக்லைவ் சுரங்கத்துல 2006 டிசம்பர் 25 கூரை விழுந்துச்சு. நடுவுல தண்ணி பட்டா உப்புற களிமண் இருந்துச்சு. கல்லு கெட்டியான்னு பார்த்தா பத்தாது, வெடிப்பு எப்படி ஓடுது, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்.

கொட்டாஞ்சேனை13:
ரெண்டு பேரும் ரயில்ல போங்கோ. அந்தப் பாதையில சுரங்கம் ஏற்கனவே இருக்கு.

வெள்ளவத்தைக்காரன்:
தம்பி, நான் வெளிநாட்டில சுரங்க வேலையில ரெண்டு வருசம் நிண்டவன். வெடிச்சுப் புகை போன கையோட நீளக் கம்பியால கூரையைத் தட்டுவம். கணீர் எண்டால் நல்லம். டொக் எண்டால் உள்ள பிளந்திருக்கு, நெம்பி விழுத்த வேணும். சந்தையில தேங்காய் தட்டுற மாதிரித்தான். பிறகு பாறையைத் துளைச்சு இறுக்கிற போல்ட், அதுக்கு மேல இரும்பு இழை கலந்த கொங்கிறீட் விசிறுவம். எத்தனை போல்ட் எண்டதைப் பாறையைப் பார்த்து 'கியூ' மதிப்புப் போட்டுத்தான் (பாறை எவ்வளவு நல்லம் எண்டதுக்குப் புள்ளி) முடிவெடுப்பினம். 1974இல நோர்வேயில கொண்டுவந்த முறை.

பதுளைப்_பொடியன்:
அது கல்லு விழாம இருக்க. தண்ணிக்கு? உமா ஓயாவுல 2014 கடைசியில சுரங்கத்துக்குள்ள தண்ணி பீறிட்டுச்சு. மேல பண்டாரவளைப் பக்கம் கிணறு வத்திச்சு, வீட்டுச் சுவர் வெடிச்சுச்சு. அது ரோடு இல்ல, மின்சாரத்துக்கு மெஷின்ல குடைஞ்சது, ஒத்துக்கறேன். தண்ணிக்கு அது தெரியுமா? கொழும்புல உங்களுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம், மேல இருக்கறவங்களுக்குக் கிணறு போச்சு.

வெள்ளவத்தைக்காரன்:
அதுக்குத்தான் இருபது முப்பது மீற்றர் முன்னுக்குத் துளை போட்டுப் பாக்கிறது. தண்ணி வந்தால் சிமெந்துக் கரைசலை அழுத்தி அடைச்சுப்போட்டுத்தான் அடுத்த வெடி. வெட்டின பிறகு அடைக்கிறது பெரும்பாடு.

பதுளைப்_பொடியன்:
அடைக்கறதுன்னா வேலையை நிப்பாட்டணும். மீற்றர் கணக்குல காசு வாங்கறவன் நிப்பாட்டுவானா? உங்க இடத்துல நிப்பாட்டினாங்களா?

வெள்ளவத்தைக்காரன்:
ரெண்டு தரம் நிப்பாட்டினவங்கள். மூண்டாம் தரம் இரவு ஷிப்ட். நிப்பாட்டேல்லை. விடியேக்க முழங்கால் மட்டும் தண்ணி.