க்ளூக், ஷ்லாவ், கெஷைட்: பிரிவு அட்டையில் எதை எழுதலாம்?

பைன்டவுன்_ஸ்டோர்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தொழிற்சாலைக்கு ஆக்ஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த ஜெர்மன் எஞ்சினியர் இந்த வாரம் ஊர் திரும்புகிறார். கன்வேயர் நின்றுபோனால் புதுப் பாகத்துக்குக் காத்திருக்க மாட்டார். ஸ்டோரில் கிடக்கிற பழைய சாமானை வைத்தே ஓட்டிவிடுவார். அட்டையில் ஜெர்மனில் ஒரு வரி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. க்ளூக், ஷ்லாவ், கெஷைட், கிளெவர் என்று எதைத் தேடினாலும் அகராதி 'புத்திசாலி' என்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில் பள்ளியில் படித்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'ஸ்லிம்' என்றால் புத்திசாலி. அது போலவே ஜெர்மனில் 'ஷ்லிம்' என்று ஒன்றும் இருக்கிறதே, அதையே போட்டுவிடவா?

சாட்ஸ்வர்த்_டு_ஸ்டுட்கார்ட்:
தங்கச்சி, ஷ்லிம் மட்டும் வேண்டாம்! ஜெர்மனில் அது 'மோசம்'. பல்வலி, விபத்து இதற்கெல்லாம் சொல்வது.

க்ளூக் என்றால் யோசித்து நடக்கிற அறிவு. வாய்ச்சண்டையில் விட்டுக்கொடுப்பவரைக்கூட 'இரண்டு பேரில் க்ளூக்கானவர்' என்பார்கள். ஷ்லாவ் நம் 'சாமர்த்தியம்'. குழந்தையை ஷ்லாவ் என்றால் கொஞ்சல்தான். வியாபாரியைச் சொன்னால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒருபடி மேலே கெரிஸ்ஸன். அது சுத்த நரித்தனம், அட்டைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கிளெவர் ஆங்கிலத்திலிருந்து போனது. செய்த வேலையை, கண்டுபிடித்த வழியைப் பாராட்ட நல்ல சொல்.

கெஷைட் தெற்கு ஜெர்மனிச் சொல். இங்கே கேண்டீனில் 'கெஷைட்டாக ஏதாவது சாப்பிடு' என்றால் வயிறு நிறைகிற மாதிரி உருப்படியாகச் சாப்பிடு என்று அர்த்தம். 'உனக்கு முழுசாக கெஷைட் இல்லையா' என்றால் 'மூளை கழன்றுவிட்டதா' என்று திட்டுவது.

எனக்குப் பிடித்தது அல்ட்க்ளூக். பெரிய மனுஷத்தனமாகப் பேசும் பொடிசுகளைச் சொல்வது. பிஞ்சிலே பழுத்தது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதேதான்.

ஃபீனிக்ஸ்_டீச்சர்:
ஆஃப்ரிகான்ஸ் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் ஒன்று. ஸ்லிம்மும் ஷ்லிம்மும் ஒரே வேர்தான் கண்ணு. பழைய பொருள் 'கோணல்'. ஜெர்மனில் கோணல் கெட்டதாகிவிட்டது. ஆஃப்ரிகான்ஸ் பிறந்த டச்சில் தந்திரமாகி, அப்புறம் புத்திசாலித்தனமானது. ஆஃப்ரிகான்ஸிலும் பழைய வாடை முழுசாகப் போகவில்லை. 1914இல் தென்னாப்பிரிக்க அரசின் சார்பில் காந்தியோடு உடன்பாடு செய்த ஜெனரல் யான் ஸ்மட்ஸுக்கு 'ஸ்லிம் யான்னி' என்று பெயர் வைத்தார்களே, பாராட்டியா வைத்தார்கள்? இன்றைக்கு ஸ்மார்ட்போனை 'ஸ்லிம்ஃபோன்' என்கிறபோது அந்த வாடை யாருக்கும் தெரிவதில்லை.

பைன்டவுன்_ஸ்டோர்ஸ்:
நன்றி அண்ணா, நன்றி டீச்சர். ஆக்ஸ்பர்க்காரர் என்பதால் கெஷைட் போடலாமா? இல்லை, க்ளூக்தான் பத்திரமா?

சாட்ஸ்வர்த்_டு_ஸ்டுட்கார்ட்:
ஆக்ஸ்பர்க் தெற்குதான், கெஷைட் அவருக்கு வீட்டுச் சொல். ஆனாலும் அட்டையில் 'ஐன் க்ளூகர் கோப்ஃப்' என்று எழுதுங்கள். நேர்ப்பொருள் 'க்ளூக்கான தலை'. ஆளை மதித்துச் சொல்வது. கன்வேயர் கதையையும் சேர்த்தால் அந்த இடத்தில் 'கிளெவர்' போடுங்கள். அவரைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறீர்கள்? அப்படியானால் 'டூ' (நீ) போதும். மேனேஜரும் கையெழுத்துப் போடுகிறார் என்பதற்காக 'சீ' (நீங்கள்) போட்டுவிடாதீர்கள், திடீரென்று தள்ளி நிற்கிறார்களே என்று நினைப்பார்.