வெயில் சாவு என்று எழுத எவ்வளவு ஆதாரம் வேண்டும்?

செங்கல்சூளை:
போன மே மாதம் எங்கள் ஊரில் தளம் போடும் வேலையில் இருந்தவர், மதியம் இரண்டு மணிக்குச் சுருண்டு விழுந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது என்று தூக்கியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸில் போகும்போதே உயிர் போய்விட்டது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து வந்த காகிதத்தில் வெறும் மாரடைப்பு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். இந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்?

பிணவறைப் பணியாள்:
நான் தடயவியல் மருத்துவன். வெயிலில் இறந்தவரை அறுத்துப் பார்த்தால் மூளை வீங்கியிருக்கும், நுரையீரலில் நீர் கோத்திருக்கும், அங்கங்கே புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்திருக்கும். வேறு எத்தனையோ சாவுகளிலும் இதே அடையாளங்கள்தான். கூடவே அடைத்துப்போன இதயக் குழாயும் கண்ணில் பட்டால் அதை எழுதாமல் எப்படி விடுவது?

செங்கல்சூளை:
உடம்புச் சூட்டை அளந்தாலே தெரியாதா?

பிணவறைப் பணியாள்:
விழுந்த உடனே அளந்திருந்தால் தெரியும். என்னிடம் வருவது குளிர்பெட்டியில் கிடந்த உடல். தகரக் கொட்டகையில் கிடந்ததென்றால் செத்த பிறகும் சூடேறும். கடும் தொற்றும் சில போதைப்பொருளும்கூடச் சூட்டை ஏற்றும்.

கரிசல்காடு:
டாக்டர், 1995 ஜூலையில் சிகாகோவிலும் இதே சண்டைதான். 13ஆம் தேதி மிட்வே விமான நிலையத்தில் 106 டிகிரி ஃபாரன்ஹீட். பிணவறை கொள்ளாமல் குளிர்சாதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைமை மருத்துவப் பரிசோதகர் எட்மண்ட் டோனஹ்யூ, உடம்புச் சூடு 105 டிகிரியைத் தொட்டவர்களை மட்டும் எண்ணவில்லை. புழுங்கும் அறையில் இறந்து கிடந்ததற்கு நல்ல ஆதாரம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டார். மேயர் டேலி எண்ணிக்கையையே சந்தேகப்பட்டார். கடைசியில் என்ன ஆனது? ஒரு வாரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 739 பேர். டோனஹ்யூ அலுவலகம் வெயில் சாவு என்று எழுதியது 465தான்.

பிணவறைப் பணியாள்:
739 ஊர்க் கணக்கு. ஊருக்குத் திட்டம் போட அது போதும். நான் கையெழுத்துப் போடுவது ஒரு ஆளுக்கு. நாளைக்குக் கூண்டில் ஏறிப் பதில் சொல்லப் போவதும் நான்தான்.

கரிசல்காடு:
டோனஹ்யூவும் ஒவ்வொரு உடலாகப் பார்த்துத்தானே எழுதினார்? அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தார், அதுதான் வித்தியாசம். நம் இறப்புக் காரணச் சான்றிதழில் இரண்டாம் பகுதி எதற்கு இருக்கிறது? முதலில் மாரடைப்பு, இரண்டாவதில் துணைக் காரணமாகக் கடும் வெப்பம். இதை எழுத என்ன தடை? இதயம் பலவீனமானவரைத்தானே வெயில் முதலில் சாய்க்கிறது!

பிணவறைப் பணியாள்:
சரி, இரண்டாம் பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வரும் போலீஸ் அறிக்கையில் 'மயங்கி விழுந்தார்' என்று ஒரே வரிதான் இருக்கும். எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார், தண்ணீர் குடித்தாரா, வியர்வை நின்றிருந்ததா, எதுவும் இருக்காது. கண்ணுக்குள் இருக்கும் திரவத்தைச் சோதித்தால் உடல் எவ்வளவு வறண்டிருந்தது என்று ஓரளவு தெரியும். அதற்கும் அன்றே எடுத்திருக்க வேண்டும்.

செங்கல்சூளை:
ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சூடு பார்த்துச் சீட்டில் எழுதினார்கள் என்று அவர் தம்பி சொல்கிறார். நாளைக்கே போய் அதன் நகலைக் கேட்கிறோம்.

பிணவறைப் பணியாள்:
அதில் 105க்கு மேல் இருந்தால் நானே மாற்றி எழுதச் சொல்வேன். இல்லையென்றால் என் பதில் இதேதான்.

கரிசல்காடு:
இல்லாவிட்டாலும் விட வேண்டாம். கூட வேலை செய்த எல்லாரிடமும் இப்போதே எழுதி வாங்குங்கள்.