மாடி துருத்தினால் அதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலைப் பட்டய வகுப்புக்கு ஒரு பாடம் மொழிபெயர்த்து நாளை மறுநாள் தர வேண்டும். இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடுகள் பற்றியது. யார்க் நகரத்து ஷாம்பிள்ஸ் தெருவில் கீழ்ச்சுவரைத் தாண்டி மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்கும் மேல்மாடி இன்னும் கொஞ்சம் நீளும். இதற்கு ஆங்கிலத்தில் 'ஜெட்டி'. கணினி 'இரண்டாம் மாடியில் படகுத்துறை' என்கிறது. ஒலிபெயர்த்து அப்படியே விடலாமென்றால், பதினெட்டு வயதுப் பையன்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு. உதவுங்கள்.
– க.

கொடுங்கை இருக்கிறதே. கோயிலில் சுவருக்கு வெளியே வளைந்து நிற்பதும் அதுதான். கொடு என்றால் வளைவு, கொடுக்காய், கொடுவாள்...
– செ.

ஐயா, கொடுங்கைமேல் யாரும் கட்டில் போட்டுப் படுப்பதில்லை. இங்கே தளத்தின் குறுக்குச் சட்டங்களையே கீழ்ச்சுவருக்கு வெளியே நீட்டி, நுனியில் மாடிச் சுவரை ஏற்றுகிறார்கள். தெருவில் கடைக்கால் போடாமல் மாடியில் இடம் கிடைக்கும், கீழ்ச்சுவரின் மண்பூச்சும் மழைக்குத் தப்பும். 'துருத்துமாடி' என்போம். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். லண்டனில் 1585இல் கட்டிய 'ஸ்டேப்பிள் இன்' என்ற மரச்சட்டக் கட்டடம் இன்றைக்கும் துருத்திக்கொண்டுதான் நிற்கிறது.
– மு.

துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை, திருப்பூந்துருத்தியை மறந்துவிட்டீர்களா? படகுத்துறையிலிருந்து தப்பி ஆற்றிலேயே விழுகிறோம். ஆங்கிலச் சொல்லும் 'எறி' என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்ததுதான், கடலுக்குள் நீளும் ஜெட்டிக்கும் அதே வேர். ஆகவே 'எறிமாடம்'.
– செ.

எறிமாடம் என்றால் பீரங்கி வைக்கிற இடம் என்று நினைப்பார்கள். எங்கள் மேஸ்திரி 'புரொஜெக்ஷன்' என்பார், வேலை முடிந்துவிடும். தமிழ்தான் வேண்டுமென்றால் 'நீட்டுமாடி', யாருக்கும் புரியும்.
– ர.

இன்னொன்று. மூலைவீட்டில் இரண்டு தெருப்பக்கமும் துருத்த வேண்டுமே, அதற்காக மூலையை நோக்கிச் சாய்வாட்டாக ஒரு கனத்த உத்திரம் போட்டு, இருபக்கச் சட்டங்களையும் அதில் செருகுவார்கள். 'டிராகன் பீம்'. நான் 'நாக உத்திரம்' என்று எழுதிவைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.
– க.

மூலைவிட்டம்! பள்ளிக் கணக்கில் படித்த அதே சொல். விட்டம் என்றால் உத்திரம்தானே. செவ்வகத்துக்குள் கோடாகிப்போன மரம் மறுபடி வீட்டுக்கே வந்துவிட்டது.
– மு.

இதற்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.
– செ.

பையன் அளவுகோல் எடுத்துக் கோடு போடுவான், பாருங்கள்.
– ர.

நன்றி. துருத்துமாடி, மூலைவிட்டம் என்றே போட்டு அனுப்பிவிட்டேன், இனி மாற்ற முடியாது.
– க.

துருத்துமாடிக்கு என் மறுப்பு மறுப்புதான். அப்புறம், சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னிச் சாணமும் களிமண்ணும் அப்புவார்களே, அந்தப் பின்னலுக்கு என்ன எழுதினீர்கள்? 'படல்' என்றுதானே?
– செ.