13-ஆம் நிலைக்கு மேல்: டெலிபோர்ட், ஃபோர்ஸ்கேஜ், சிமுலாக்ரம் – தடை பண்ணணுமா?

பகடைமுனை:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) 5-ஆம் பதிப்பு, 2014 விதிகள். விசார்ட் (மந்திரவாதிப் பாத்திரம்) 13-ஆம் நிலையைத் தொட்டதும் மூன்று மந்திரங்கள் (ஸ்பெல்) கைக்கு வந்துவிடுகின்றன: வேறிடத்துக்குத் தாவும் டெலிபோர்ட், எதிரியைக் கூண்டில் அடைக்கும் ஃபோர்ஸ்கேஜ், ஆளின் நகலைச் செய்யும் சிமுலாக்ரம். 17-இல் வேண்டியதை நடத்தித்தரும் விஷ். பிறகு கோட்டைக்கும் காவலுக்கும் வேலையே இல்லை. தொலைவிலிருந்து பார்க்க உதவும் ஸ்க்ரையிங் மந்திரத்தில் வில்லனைப் பார்க்கிறார்கள், டெலிபோர்ட்டில் அவன் படுக்கையறையில் இறங்குகிறார்கள், மூன்று சுற்றில் ஆட்டம் முடிகிறது. நான்கையும் முதல் நாளே நீக்கிவிடுவதுதான் நேர்மை.

கல்துண்டு:
டெலிபோர்ட் அட்டவணையைத் திறந்து பாருங்க. ஸ்க்ரையிங்ல ஒரு தடவை பார்த்த இடம்னா நூறு முகப் பகடையில 74-உம் அதுக்கு மேலயும் விழுந்தாத்தான் சரியா இறங்க முடியும். 43 வரைக்கும் விபத்து: ஆளுக்கு 3டி10 (பத்து முகப் பகடை மூணை உருட்டின கூட்டல்) ஃபோர்ஸ் சேதம், அப்புறம் மறுபடி உருட்டணும். மறுபடியும் 43-க்குள்ள விழுந்தா மறுபடியும் அடி. நிறைய டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துறவங்க) உருட்டாமலே "போய்ச் சேர்ந்துட்டீங்க"ன்னு விட்டுடறாங்க, பழி மந்திரத்து மேல விழுது.

குறி தப்பாம போகணும்னா அந்த இடத்துலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள எடுத்த பொருள் ஒண்ணு கையில வேணும். படுக்கை விரிப்போ, சுவர்ல பெயர்த்த கல்லோ. அதை எடுக்க ரோக் (பதுங்கித் திருடுற பாத்திரம்) உள்ள போய்த்தான் ஆகணும். உங்க கோட்டைக்கும் காவலுக்கும் அங்கதான் வேலை.

பகடைமுனை:
விரிப்பு கிடைத்துவிட்டால்? அன்றிரவே வில்லன் காலி.

கல்துண்டு:
வில்லனும் மந்திரவாதிதானே? பிரைவேட் சாங்டம் 4-ஆம் நிலை ஸ்பெல் (ஸ்பெல்லோட நிலை வேற, பாத்திரத்தோட நிலை வேற), 24 மணி நேரம் நிக்கும், பக்கத்துக்கு 100 அடி வரைக்கும் மூடலாம். உள்ள டெலிபோர்ட்டும் நடக்காது, ஸ்க்ரையிங்கும் நடக்காது.

சாக்பீஸ்வட்டம்:
சாங்டம் சரி, ஆனா கோட்டை முழுக்கப் போடாதீங்க, விசார்டோட ஸ்லாட்டுக்கு (ஸ்பெல் போடச் செலவாகுற வாய்ப்பு) மரியாதையே இல்லாம போயிடும். வில்லன் தூங்குற அறை, பொக்கிஷ அறை, இது ரெண்டுக்கும் போதும். சமையற்கட்டும் குதிரை லாயமும் திறந்தே இருக்கட்டும். ஸ்க்ரையிங் பலிக்கலைன்னா அறை மூடியிருக்கோன்னு பிளேயர்களுக்குச் சந்தேகம் வரும், ஸ்லாட் வீணாகறதுக்கு முன்னாடியே.

இன்னொண்ணு. விசார்ட் 13, 14-ஆம் நிலையில இருக்கறப்ப, டெலிபோர்ட்டுக்கு வேண்டிய 7-ஆம் நிலை ஸ்லாட் ஒண்ணே ஒண்ணு, அதுக்கு மேல ஸ்லாட்டும் கிடையாது. அதைச் செலவழிச்சு உள்ள போயிட்டா, டெலிபோர்ட்லயே திரும்பி வர எட்டு மணி நேர ஓய்வு வேணும், இல்லன்னா வேற வழி தேடணும்.

பகடைமுனை:
டெலிபோர்ட்டை விட்டுத்தருகிறேன். சிமுலாக்ரத்தை விடமாட்டேன். 17-ஆம் நிலையில் விஷ் ஸ்லாட்டைச் செலவழிக்காமல் 12 மணி நேரம் உட்கார்ந்து, 1,500 பொன் மாணிக்கத்தூளில் ஒரு நகல் செய்கிறார் விசார்ட். நகலிடமும் விஷ் இருக்கிறது. அது விஷ்ஷையே சிமுலாக்ரம் போல வேலை செய்ய வைத்து, ஒரே செயலில், தூளே இல்லாமல், அசல் விசார்டைப் பார்த்து இன்னொரு நகல் செய்கிறது. அதனிடமும் விஷ். சுற்றுக்கு ஒன்று, நிமிடத்துக்குப் பத்து.

கல்துண்டு:
ஓட்டை நிஜம்தான், மறுக்கலை. ஆனா ஒரு வரியில அடைபடும்: நகல் எந்த வழியிலயும் சிமுலாக்ரம் போட முடியாது. 2024 விதியும் நகல் இந்த ஸ்பெல்லைப் போடக் கூடாதுன்னுதான் சொல்லுது. இதுக்காக விஷ்ஷையே எடுக்கணுமா? 8-ஆம் நிலை வரைக்கும் உள்ள ஸ்பெல்லைப் போல வேலை செய்யச் சொன்னா ஒரு கேடும் இல்ல. அதைத் தாண்டிக் கேட்டா பலம் 3-க்கு இறங்கும், 2டி4 நாளைக்கு. இனி எப்பவும் விஷ் போட முடியாம போக 33 சதவீத வாய்ப்பு. இவ்வளவு விலை வெச்ச ஸ்பெல் வேற எது?

பகடைமுனை:
ஃபோர்ஸ்கேஜ்? உள்ளே விழாமல் தப்ப சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) இல்லை, அதனால் தோற்ற சேவை வெற்றியாக்கும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உதவாது. கான்சன்ட்ரேஷனும் (மந்திரம் நிலைக்க விசார்ட் கவனத்தைக் கலையாமல் வைப்பது) தேவையில்லை, ஒரு மணி நேரம் சிறை. டெலிபோர்ட் தெரியாத அசுரன் நின்று அடிவாங்கத்தான் வேண்டும்.

சாக்பீஸ்வட்டம்:
இதுல நான் பகடைமுனை பக்கம். 2014 வடிவத்தை மேசைக்கே கொண்டுவராதீங்க. 2024 விதியில கான்சன்ட்ரேஷன் வேணும், அதுக்கு வேண்டிய மாணிக்கத்தூளும் தீர்ந்துபோகும். வெளியில நிக்கிற அடியாள் விசார்டுக்கு 44 சேதம் கொடுத்தா கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ்ல 22 எடுக்கணும், இல்லன்னா கவனம் கலைஞ்சிடும். கூண்டு உடைய வழி இருக்கு.

கல்துண்டு:
அந்த மாற்றம் எனக்கும் சரிதான். தடைன்னு மட்டும் எழுதாதீங்க, "2024 வடிவம்"னு எழுதுங்க.

பகடைமுனை:
எழுதுகிறேன். விஷ் மட்டும் என் தடைப் பட்டியலில் அப்படியே இருக்கும்.