தம்பி காலேஜ நிறுத்திட்டு பனியன் கம்பெனிக்கு போறேங்கறான், காலேஜுல இவனுக்கு என்ன உதவி கிடைக்கும்?

அந்தியூர்க்காரி:
வணக்கமுங்க. எங்க தம்பி ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியந்தானுங்க. இப்ப கோயமுத்தூர்ல ஒரு எய்டட் காலேஜுல பி.எஸ்சி பிசிக்ஸ் ஃபர்ஸ்ட் இயர், ஹாஸ்டல்ல இருக்கறான். எங்கூட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்ச மொத ஆளு அவந்தான். ப்ளஸ் டூவுல பிசிக்ஸ்ல நல்ல மார்க்குங்க, அதை நம்பித்தான் சேர்த்துனோம், இப்ப என்னடான்னா கிளாஸ்ல எல்லாமே இங்லீஷ்ல போகுது, போர்டுல எழுதறத காப்பி பண்றேன் ஆனா மண்டைல ஒண்ணும் ஏறலைங்கறான், மொத இன்டர்னல்ல பாதி பேப்பர வெறுசா குடுத்துட்டு வந்திருக்கறான். லீவுக்கு வந்தப்ப நோட்ட எடுத்துப் பாத்தேன், இங்லீஷ் வார்த்தைக்கு மேல எப்படி படிக்கறதுன்னு பென்சில்ல சின்னச் சின்னதா தமிழ்ல எழுதி வெச்சிருக்கறான், மொத ரெண்டு பாடத்துக்கு இருக்குது, அப்புறம் அதையும் உட்டுட்டான். கூடப் படிச்ச பசங்க திருப்பூர்ல செக்கிங், அயர்னிங்னு போயி சனிக்கெழமையானா சம்பளம் வாங்கறாங்க, நானும் போறேன்னு ஒரே புடியா நிக்கறான். அப்பா தறிக்கு போறவரு, யாரப் போயி கேக்கறதுன்னு தெரியாம வெசனப்பட்டுட்டே இருக்கறாரு.
இந்த மாதிரி பசங்களுக்கு காலேஜுல தனியா சொல்லிக் குடுப்பாங்களாங்க? பரீட்சைய தமிழ்ல எழுத உடுவாங்களா? அப்புறம் மாசம் 1000 ரூவா வரும்னாங்க, கூட இருக்கறவனுக்கு வருது, இவனுக்கு வரல. சரியா சாப்புடறதில்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸப்புல ஆன்லைன்ல இருக்கறான், அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்குதுங்க.

கோபி வாத்தியார்:
அம்மிணி, மொதல்ல ஒண்ணு, எக்காரணத்துக்கும் இப்ப டிசி வாங்கிறாதீங்க. ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல தமிழ் மீடியம் பசங்க இப்படி தெணர்றத நான் வருசா வருசம் பாக்கறேன், பையன் மக்கு இல்ல, பாசை மாறுது அவ்வளவுதான்.
ஒவ்வொரு கிளாஸுக்கும் ட்யூட்டர்னு ஒருத்தர் இருப்பாரு, சில காலேஜுல மென்டர்ம்பாங்க, இத்தன பசங்களுக்கு இவருன்னு பிரிச்சு குடுத்திருப்பாங்க. பையன்கிட்ட கேட்டு அவரு பேர தெரிஞ்சுக்கங்க. ஆபீஸுக்கு போனா அந்த கவுண்டர் இந்த கவுண்டர்னு அலைய உடுவாங்க, நேரா டிபார்ட்மெண்டுக்கு போயி அவரப் பாருங்க. ரெமிடியல் கிளாஸ் (பின்தங்கினவங்களுக்கு தனியா எடுக்கறது) உண்டா, ஃபர்ஸ்ட் இயருக்கு பிரிட்ஜ் கோர்ஸ் (ஸ்கூல் பாடத்துக்கும் காலேஜ் பாடத்துக்கும் பாலமா நடத்தறது) உண்டான்னு இதே பேரச் சொல்லிக் கேளுங்க. சும்மா ஏதாவது உதவி கிடைக்குமான்னு கேட்டா பாக்கலாம்னு தாட்டி உட்டுருவாங்க, பேரச் சொல்லிக் கேட்டா ரெஜிஸ்டர்ல பேர் ஏறும்.
தமிழ்ல எழுதறதப் பத்தி. இங்லீஷ் மீடியம் கோர்ஸா இருந்தாலும் தாய்மொழில பரீட்சை எழுத உடுங்கன்னு காலேஜுகளுக்கு மேல இருக்கற யூஜிசியே (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 ஏப்ரல்ல எல்லா யுனிவர்சிட்டிக்கும் எழுதிருச்சு. ஆனா நடைமுறை எடத்துக்கு எடம் மாறுது, அதனால ட்யூட்டர் மூலமா எக்ஸாம் கன்ட்ரோலர் ஆபீஸ்ல கேட்டு உறுதி பண்ணிட்டு அப்புறம் எழுதச் சொல்லுங்க.
நான் எங்க பசங்களுக்கு சொல்ற வழி ஒண்ணு. நம்ம ஸ்டேட் போர்டு ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ பிசிக்ஸ் புக் தமிழ் மீடியம், இங்லீஷ் மீடியம் ரெண்டுமே பாடநூல் கழகம் நெட்டுல காசில்லாம போட்டிருக்குது. ரெண்டும் ஒரே பாடம். தமிழ்ல ஒரு பத்தி படிச்சுட்டு உடனே அதே பத்திய இங்லீஷ்ல படிக்கச் சொல்லுங்க. அவனுக்கு உந்தம் தெரியும், மொமெண்டம்னு சொன்னாத்தான் முழிப்பான். தெரிஞ்ச பாடத்துல வார்த்தைய புடிச்சுட்டான்னா காலேஜ் பாடம் பாதி எறங்கிரும். பழைய காலத்துல பாடநூல் நிறுவனம் போட்ட தமிழ் டிகிரி புக்கெல்லாம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல கிடக்குது, அதையும் பாக்கச் சொல்லுங்க.

பல்லடத்துப் பையன்:
அக்கா நான் தேர்ட் இயர். அந்த 1000 ரூவா தமிழ்ப் புதல்வன் ஸ்கீம், நம்ம கோயமுத்தூர்லதான் 2024 ஆகஸ்ட் 9ல ஆரம்பிச்சாங்க. பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண்ணுன்னு 2022லயே வந்துருச்சு. ஆறுல இருந்து பன்னண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்னா உங்க தம்பிக்கு கட்டாயம் உண்டு, வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது வரும்.
வராததுக்கு நான் பாத்த வரைக்கும் ரெண்டு காரணந்தான். யூமிஸ்ல, அதாவது காலேஜ் பசங்க விவரத்த கவர்மெண்ட் ஏத்தி வெக்கற ஆன்லைன் பதிவுல, அவன் டீடெய்ல் சரியா ஏறாம இருக்கும், இல்லைன்னா பேங்க் அக்கவுண்ட். அக்கவுண்ட்ல ஆதார் குடுத்திருக்கோமேன்னு சொல்லுவான், அது மட்டும் பத்தாதுக்கா, என்பிசிஐ சீடிங், அதாவது கவர்மெண்ட் பணம் ஆதார் வழியா இந்த அக்கவுண்டுக்குத்தான் வரணும்னு பதியறது, தனியா ஆகியிருக்கணும், பேங்க்ல அந்த பேரச் சொல்லி ஃபார்ம் குடுக்கணும். ஸ்கூல்ல படிக்கறப்ப தொறந்த பழைய அக்கவுண்ட் ஏதாவது இருந்தா பணம் அதுக்கு போயிட்டு இருக்கும், அதையும் ஒருக்கா பாருங்க. காலேஜுல இதுக்குன்னே நோடல் ஆபீசர் ஒருத்தர் இருப்பாரு, யூமிஸ் நம்பர எழுதி எடுத்துட்டு போகச் சொல்லுங்க. படிப்ப நிறுத்திட்டா இந்தப் பணமும் நின்னுரும், அதையும் அவங்கிட்ட சொல்லுங்க.

நாமக்கல் அம்மா:
கண்ணு, படிப்ப இவங்க சொல்லிட்டாங்க, நான் அந்த ராத்திரி ரெண்டு மணியப் பத்தி சொல்றேன். எம்பொண்ணு ஹாஸ்டல்ல இருந்தப்ப இதே மாதிரிதான், சோறு எறங்காது, தூக்கம் கிடையாது, கேட்டா ஒண்ணுமில்லைம்மா. காலேஜுல மனசு கஷ்டத்தச் சொல்லி ஆலோசனை கேக்கறதுக்கு கவுன்சிலர் இருந்தாங்க, ஆனா அந்த ரூமு பிரின்சிபால் ரூமுக்கு எதுத்தாப்புல, யாராவது பாத்துருவாங்கன்னு புள்ள அந்தப் பக்கமே போகல. கடைசில அவ மேடம் ஒருத்தங்க சாயங்காலம் லேப் முடிஞ்சப்புறம் கூடவே கூட்டிட்டு போயி உக்கார வெச்சாங்க, அந்தம்மாவ நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.
உன் தம்பிக்கு அங்க போகக் கூச்சமா இருந்தா 14416க்கு ஃபோன் பண்ணச் சொல்லு, டெலி மனாஸ், கவர்மெண்டோடது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசில்ல. அப்புறம் ஹாஸ்டல்ல யாராவது ஓட்டறாங்களான்னு மெதுவா கேளு, இங்லீஷ் வரலைன்னு கிண்டல் பண்ணியே புள்ளைகள நோகடிப்பாங்க. அப்படி இருந்தா அது ராகிங், 1800-180-5522ல சொல்லலாம், பேரு சொல்லாமயும் புகார் குடுக்கலாம். நீ கேக்கறப்ப திட்டாம கேளு சாமி.

அந்தியூர்க்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி பேசினேன், நாமக்கல் அம்மா சொன்னது நெசந்தான், செமினார்ல இவன் பேசினத ரூமுல ரெண்டு பேரு நடிச்சுக் காட்டிட்டே இருக்கறாங்களாமா, அதுலருந்து கிளாஸுக்கே சரியா போகல. ட்யூட்டர்கிட்ட இதையும் சொல்லலாமுங்களா, இல்ல வார்டன்கிட்டயா?

கோபி வாத்தியார்:
ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க அம்மிணி. ரூம் மாத்தறது வார்டன் கையில, கிளாஸ் விசயம் ட்யூட்டர் கையில. ஒரு பேப்பர்ல எழுதியே குடுங்க, தேதி போட்டு, ஒரு காப்பி நீங்க வெச்சுக்கங்க. கிளாஸுக்கு போகலைன்னா அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்கு கீழ எறங்கிரும், அப்ப பரீட்சை எழுதறதுக்கே சிக்கல் வந்துரும், எத்தன நாள் போயிருக்குன்னு மொதல்ல அதக் கேளுங்க. அப்பாவையும் கூட்டிட்டு போங்க, இங்லீஷ் தெரியலையேன்னு அவரு தயங்க வேண்டாம், தமிழ்லயே பேசலாம். மத்தியானத்துக்கு மேல போனீங்கன்னா ட்யூட்டரு ஸ்டாஃப் ரூமுல இருப்பாரு.